மூன்றாம் ஓலை

ராக்கினிக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது வாசிக்கவில்லை. மொட்டைப்பாலத் தோட்டத்துப் பழைய ஆட்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் அழுதுகொண்டே சொல்வார்கள். எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அதனால் நானே சொல்கிறேன்.

கத்தோலிக்கர்களுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாரும், இன்னார் மகள் இன்னாரும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தெரிந்தும் மறைத்தால் பாவம் உங்களுடையது என்று சபையைக் கேட்பார்கள். மூன்று வாரமும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால்தான் தாலி.

என் அம்மா முத்தாயிக்கு இதெல்லாம் ராக்கினி சொல்லித்தான் தெரியும். நாங்கள் முனியாண்டியைக் கும்பிடுகிறவர்கள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே குழாயில் தண்ணீர், ஒரே மலையில் ரப்பர்ப் பால்மரம் வெட்டு. சாமி வேறானாலும் சண்டையும் சமாதானமும் ஒன்றாகத்தான் நடந்தன.

ராக்கினிக்கு அப்போது பத்தொன்பது வயது. வாயில் விரல் வைத்தால் நன்றாகவே கடிக்கத் தெரிந்தவள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை ஆரோக்கியநாதன், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டில் வேலை செய்தவன். ஐந்து வயதில் தாய் தகப்பனோடு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்தவன். அவன் ஒரு நாளில் பேசுவதை ராக்கினி பல் விளக்கி முடிப்பதற்குள் பேசிவிடுவாள். அதுதான் பொருத்தம் என்று லயமே சொன்னது.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஹரோல்டும் கத்தோலிக்கன்தான். சிரம்பான் பக்கம் ராசா என்ற ஊரில் பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். பள்ளியில் பரிசாகக் கிடைத்த செங்கல் கனத்து அகராதி ஒன்றை ஆபீஸ் மேசையில் வைத்திருப்பான். ஏதாவது ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் பாட்டன் முப்பாட்டன் வரை சாதகம் சொல்வான். கூலிக்காரர்களுக்கு அது எதற்கு என்று கேட்கக்கூடாது, கேட்டால் இன்னும் நீளும். எங்கள் ஆட்கள் அவனுக்கு ‘டிக்சனரி கிராணி’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த டிக்சனரி கிராணி ஒருநாள் பால் நிறுக்கும் இடத்தில் வைத்து ராக்கினியிடம், “என் வூட்டுக்கு சமைக்க ஆள் இல்ல. நீ வந்து இரு, மரம் வெட்ட வேணாம்” என்றான். அந்த ‘வந்து இரு’ எதற்கு என்று அங்கே நின்ற நாய்க்குக்கூடத் தெரியும். ராக்கினி பால் வாளியைக் கீழே வைத்தாள். “கிராணியாரே, உங்க அடுப்புக்கு வேற கட்ட பாருங்க. இது பச்ச மரம், பத்தாது” என்றாள். வரிசையில் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். ஹரோல்டும் சிரித்தான். உள்ளே என்ன வைத்துக்கொண்டு சிரித்தான் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது.

1951ஆம் வருடம். கம்யூனிஸ்ட்காரர்களை அடக்க வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை. அரிசி அளந்துதான் கொடுப்பார்கள். மரம் வெட்டப் போகும்போது ஒரு கவளம் சோறு கொண்டுபோனாலும் குற்றம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடுமாம்.

ராக்கினிக்கு முதல் ஓலை வாசித்த வாரம் ஒரு விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடித்த பிறகு, ஹரோல்ட் போலீஸ் உத்தரவைப் படித்தான். வீட்டில் அரிசி சேர்த்து வைப்பதற்கு ‘பேன்’ என்றான்.

வரிசையின் கடைசியிலிருந்து மயிலம்மாள், “ஐயோ, நம்ம தலயில இருக்கறதுக்கும் தொரை தடை போட்டுட்டாரு லா!” என்றாள். பெரட்டே குலுங்கியது.

“சிரிங்க, சிரிங்க” என்றான் ஹரோல்ட். “ஆயிரம் வருசத்து வார்த்த இது. ஒங்க கொள்ளுத் தாத்தனுக்கும் மூத்தது.” பிறகு ஆரம்பித்தான். முதலில் அந்தச் சொல்லுக்கு ஊரைக் கூவி அழைப்பது என்றுதான் பொருளாம், ராஜா சண்டைக்கு ஆள் திரட்டக் கூவுவானாம். கூவியது உத்தரவாயிற்று, உத்தரவு தடையாயிற்று. நடுவில் வடக்கேயிருந்து கப்பலில் வந்தவர்கள் வாயில் அது சாபமும் ஆயிற்று. அதன் ஒரு கிளை பிரெஞ்சுக்காரனிடமும் இத்தாலிக்காரனிடமும் போய்ப் பிள்ளை குட்டி பெற்றுக்கொண்டு திரும்பி வந்ததாம். உத்தரவை மீறிய சரக்கு கான்ட்ராபேண்ட். ஊரிலிருந்து விலக்கப்பட்ட கொள்ளைக்காரன் பேண்டிட். விலக்கி அனுப்புவது பேனிஷ்.

“நம்ம ராக்கினிக்கு ஞாயித்துக்கெழம மொத ஓலை வாசிச்சாங்களே, அதுக்கு இங்கிலீசுல பேன்ஸ். அதுவும் இதே வூட்டுப் புள்ளதான்” என்று சொல்லி, ராக்கினியைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

கல்யாணப் பேச்சில் சாபத்தையும் சேர்த்துப் பேசுகிறானே என்று ராக்கினிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காதுதான் நோட்டுப் புத்தகம்.

இனி என் அம்மா செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவளே எழுந்து வந்து திட்டுவாள்.

ரேஷன் அரிசியில் கல்யாணச் சாப்பாடு போட முடியாது. அதனால் லயத்துப் பெண்கள் பத்துப் பேர் பிடியரிசி சேர்த்தார்கள். உலையில் போடும் முன் அன்றைய அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வைப்பது. கோவில் கும்பிடுக்கும் கல்யாணத்துக்கும் எங்கள் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். இரண்டு மாதம் எல்லோர் வீட்டிலும் கஞ்சி தண்ணீராக ஓடியது. சேர்ந்த அரிசியை மூடி இறுக்கமாக இருந்த ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டி ஆரோக்கியநாதன் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். இது உத்தரவு சொல்லும் ‘சேர்த்து வைப்பது’ என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. பிடியரிசி சாமி காரியம், அதைப் போலீஸ் கேட்குமா?

தோட்டத்தில் கல்யாணம் என்றால் கிராணிக்கு வெற்றிலை பாக்கு வைக்காமல் இருக்க முடியாது. இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் தட்டோடு போனது என் அம்மாவும், அரிசி சேர்த்தவர்களில் இன்னொருத்தியான பஞ்சாலையும். “கிராணியாரு கண்டிப்பா வந்து சாப்புடணும். அரிசி இல்லயேன்னு நெனைக்காதீங்க, புடியரிசி ஒரு தகரம் சேத்துட்டோம். நாதன் வூட்டுலதான் இருக்கு” என்று பெருமையாகச் சொன்னாள் என் அம்மா. ஹரோல்ட் வெற்றிலையை எடுத்துக்கொண்டான். “கட்டாயம் வர்றேம்மா” என்றான்.

வந்தான். வியாழக்கிழமை விடியும்போது, ஒரு வெள்ளைக்கார அதிகாரியையும் ஆறு மலாய்க்காரப் போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். நேராக நாதன் வீடு, நேராகக் கட்டிலடி.

தகரத்தைத் திறந்து வாசலில் வைத்தார்கள். நாதன் குனிந்த தலை நிமிரவில்லை. “என்னுதுதான்” என்று மட்டும் சொன்னான். பெண்கள் விடவில்லை. பத்துப் பேரும் ஓடிவந்து அதிகாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த வீட்டிலிருந்து எத்தனை நாள், எத்தனை பிடி, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை, அடுத்த வாரம் தாலி, வேண்டுமானால் கோவில் உபதேசியாரைக் கேளுங்கள் என்று அழுதும் கத்தியும் சொன்னார்கள். லெட்சுமி தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, “இது பங்குலயும் ஒரு புடி எடுத்தேன் தொரை” என்றாள்.

தமிழ் தெரியாத அதிகாரி ஹரோல்டைப் பார்த்தான். ஹரோல்ட் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னான். பத்துப் பெண்களின் பேச்சு ஒரு வரியில் முடிந்துவிட்டது. அதிகாரி தலையசைத்தான், நாதனை லோரியில் ஏற்றினார்கள்.

ராக்கினி கேட் வரை ஓடினாள். திரும்பி வந்தபோது ஹரோல்ட் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “கான்ட்ராபேண்ட் சொன்னேன்ல? இப்ப நேர்ல பாத்துட்ட. பேண்டிட்டும் பேனிஷும் இனிமே வரும். குடும்பம் பெருசு” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தங்கராஜு மற்ற அறிவிப்புகளை எல்லாம் வாசித்தார். ஒரு தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பூசை வைக்கும் பாதிரிச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் சிரம்பானிலிருந்து வருவார், மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவதும் ஓலை வாசிப்பதும் தங்கராஜுதான். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

காட்டுப் பேண்டிட்டுகளுக்கு அரிசி சேர்த்தவன் என்று சொல்லி நாதனை மூன்று மாதம் முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு அவன் இந்த நாட்டில் பிறந்தவன் இல்லை என்று சொல்லிக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹரோல்ட் சொன்ன வரிசை தப்பவில்லை. வழியனுப்பக்கூட யாரையும் விடவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தெரியாத ஊர், தெரியாத சொந்தக்காரர்கள், வயலில் கூலி வேலை. திரும்பி வர வழியில்லை, நீ காத்திருக்காதே என்று எழுதச் சொல்லியிருந்தான். அதன்பிறகு கடிதம் இல்லை.

லயத்தில் அவளுக்கு ‘ரெண்டோலை ராக்கினி’ என்று பெயர் விழுந்தது. குழாயடிச் சண்டையில் யாரோ சொன்னது, ஒட்டிக்கொண்டது. கன்னியும் இல்லை, கட்டியவளும் இல்லை, விதவையும் இல்லை. பெண் கேட்டு வந்தவர்களும், “பாதி ஓலை போன பொண்ணு” என்று தயங்கினார்கள். அவளும் யாருக்கும் சம்மதிக்கவில்லை.

அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் தங்கராஜுவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அண்ணே, தடை சொல்றவங்க எத்தனாவது ஓலை வரைக்கும் சொல்லலாம்?”

“மூணாவது வாசிச்சு முடியற வரைக்கும் சொல்லலாம்மா. ஏன்?”

“சும்மாதான்” என்றாள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் திருநாவுக்கரசு, அன்று நாதன் வாசலில் நின்றவர், இங்கிலீஷ் தெரிந்தவர். வேலை போய்விடும் என்று அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தார். வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகும் அன்று அவளைக் கூப்பிட்டு ஹரோல்ட் சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னார். “‘யாரோ வந்து வாங்கிட்டுப் போறதுக்கு வச்சிருக்காங்களாம், பேர் சொல்ல மாட்டேங்கறாங்க.’ இதான்மா அவன் சொன்னது. மன்னிச்சிரும்மா.” ராக்கினி அவரை மன்னித்ததாகவோ இல்லையென்றோ சொல்லவில்லை. அந்த வரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

1954இல் ஹரோல்டுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் லோபாக்கில் இருந்த ரயில்வே கிளார்க் ஒருவரின் மகள் பெட்ரிசியா, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள். முதல் ஓலை வாசித்தார்கள். தங்கராஜு ஓரக்கண்ணால் ராக்கினியைப் பார்த்தார். அவள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். அப்போதும் அவள் அசையவில்லை. பரவாயில்லை, பெண் மனசு ஆறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆறுவதாவது! அவனுக்கும் இரண்டு ஓலை முழுசாக ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு சாமியாரே பூசைக்கு வந்திருந்தார். பூசை முடிந்ததும் கிராணி வீட்டில் பெண் வீட்டாருக்கு விருந்து, அதனால் பெட்ரிசியாவும் அவள் அப்பாவும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று கோவிலில் வழக்கமில்லாத கூட்டம். என் அம்மா, மயிலம்மாள், பஞ்சாலை, லெட்சுமி என்று பத்துப் பெண்களும் குங்குமத்தோடு வந்து பின்னால் நின்றார்கள். தன்னை வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று ஹரோல்டுக்குப் பூரிப்பு.

தங்கராஜு தாளை விரித்தார். வாய் திறக்கும் முன் ராக்கினி எழுந்தாள்.

“அண்ணே, எனக்குத் தடை தெரியும். மறைச்சா பாவம்னு நீங்கதான் சொன்னீங்க.”

சாமியாருக்குத் தமிழ் அரைகுறை. என்ன என்று கேட்டார். ராக்கினி முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பெண்களும் நடந்தார்கள். பலிபீடத்துப் படியில் ஒவ்வொருத்தியும் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி அரிசி வைத்தாள். வைத்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் நாதன் வாசலில் சொன்னதை மறுபடி சொன்னாள். இன்ன வீடு, இத்தனை பிடி, கல்யாணச் சோறு, மூன்றாவது ஓலை. இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. லெட்சுமியின் பிள்ளை வளர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எல்லோரும் முடித்ததும் ராக்கினி ஹரோல்ட் பக்கம் திரும்பினாள். “கிராணியாரே, சாமியாருக்குத் தமிழ் பத்தாது. இவங்க சொன்னத நீங்களே இங்கிலீசுல சொல்லுங்க. அன்னிக்கும் நீங்கதான சொன்னீங்க?”

ஹரோல்ட் எழுந்தான். சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இங்கிலீஷ் பேசச் சொல்லி அவன் பேசாமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாமியாரிடம் நாலே வார்த்தை சொன்னான். கொஞ்சம் அரிசி வைத்திருந்தார்களாம் என்று.

பெட்ரிசியாவின் அப்பா மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். “பத்துப் பேரு இவ்வளவு நேரம் பேசினது இவ்வளவுதானா தம்பி?”

ராக்கினி, டிரஸ்ஸர் கொடுத்துவிட்டுப் போன வரியை எடுத்தாள். “அன்னிக்கு இவரு சொன்னது இதுகூட இல்லங்கய்யா” என்று ஆரம்பித்து, அந்த வரியையும், பால் நிறுக்கும் இடத்தில் கேட்ட கேள்வியையும், நாதன் வாசலில் சொன்ன குடும்பப் பெருமையையும் ஒன்று விடாமல் சொன்னாள். சாமியாருக்கு அதை இங்கிலீஷில் சொன்னவள் பெட்ரிசியா. எதையும் குறைக்காமல் முழுவதையும் சொன்னாள். முடித்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். விருந்துச் சோறு மாட்டுக் கொட்டகைக்குப் போனது. என் அம்மா அதை வாழ்நாள் முழுவதும் சந்தோஷமாகச் சொல்வாள்.

சாமியார் ஓலையை நிறுத்திவைத்தார். ஹரோல்டைத் தனியே அழைத்து இரண்டே வழி சொன்னார். ஒன்று, போலீஸிடம் போய்ப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிடக் கேட்க வேண்டும். இல்லையென்றால், தடை சொன்னவளே மனமிரங்கித் தடையை எடுக்க வேண்டும். அதுவரை பாவமன்னிப்பும் இல்லை, ஓலையும் இல்லை. பொய்ச் சாட்சிக்குச் சிறை என்று ஹரோல்டுக்குத் தெரியும். போலீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு மாதத்தில் தோட்டத்தை விட்டுப் போனான்.

போன இடமெல்லாம் அந்தத் தாளும் கூடவே போயிற்று. எங்கே பெண் பார்த்தாலும், பிறந்த கோவிலிலிருந்தும் இருந்த கோவிலிலிருந்தும் சம்மதக் கடிதம் கேட்பார்கள். மொட்டைப்பாலத்திலிருந்து போகும் பதில் ஒன்றுதான்: இரண்டு ஓலை வாசித்தது, மூன்றாவது நிற்கிறது.

1959இல், எமர்ஜென்சி முடியப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம், ஒரு ஞாயிறு மத்தியானம் ஹரோல்ட் ராக்கினியின் லயத்து வாசலில் வந்து நின்றான். சி ரூசாப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. தலை பாதி நரைத்திருந்தது. என் அம்மா கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

“எட்டு வருசம் ஆயிருச்சு ராக்கினி. எனக்கும் வயசாகுது. இந்தத் தாளுல நீ ஒரு கைநாட்டு வச்சா போதும். சாமியாரு எடுத்துருவாரு.”

“நாதனத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டீங்களா?”

“இனிமே கேட்டு என்ன லா? அவன் அங்க வேற கட்டியிருப்பான்.”

ராக்கினி உள்ளே போகவில்லை, அவனை உட்காரவும் சொல்லவில்லை. “அன்னிக்குப் பெரட்டுல ஒரு வார்த்தைக்கு அத்தன அர்த்தம் சொன்னீங்க. கூப்புடறது, உத்தரவு, தடை, சாபம், கள்ளச் சரக்கு, கொள்ளக்காரன், நாடு கடத்தறது, ஓலை. எல்லாம் ஒண்ணுவிடாம எனக்கு நடந்துச்சு. ஏதாச்சும் சொல்லாம விட்டுட்டீங்களா?”

ஹரோல்டால் தன் அகராதி விஷயத்தில் பொய் சொல்ல முடியாது. “கைவிடறதுக்கும் ஒரு வார்த்த அதுலேந்துதான் வந்துச்சு” என்றான்.

“அதுவும் நடந்துச்சு. மன்னிக்கறதுன்னு ஒண்ணு இருக்கா? இருந்தா சொல்லுங்க. இந்த எடத்துலயே கைநாட்டு வக்கிறேன்.”

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“இல்ல” என்றான்.

“எனக்கும் இல்ல” என்று சொல்லிவிட்டு ராக்கினி கதவைச் சாத்தினாள். உலையில் போட அரிசி களைந்து வைத்திருந்தாள். அதிலிருந்து வழக்கம்போல் ஒரு பிடி எடுத்துத் தகரத்தில் போட்டாள்.